பள்ளிச் சேர்க்கையில் நீதி: காமராஜர் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடம்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சில பெற்றோர் நம்மைத் தேடி வருவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதற்குள் பிறப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டை நகல், ஆதார் நகல், சில சமயம் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்த ரசீது. எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று கேட்க வருபவர்கள் குறைவு. ஒரு பள்ளியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள், இனி என்ன செய்வது என்று கேட்க வருபவர்களே அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு குடும்பங்கள் வந்தன. ஒருவர் கள்ளக்குறிச்சி நகரில் தையல் வேலை செய்பவர். அவருடைய மகன் ஐந்தாம் வகுப்பு முடித்தபின் மதரஸாவில் சேர்ந்து, 13 வயதில் குர்ஆனை முழுமையாக மனனம் செய்து முடித்துவிட்டான். இனிப் பள்ளிப் படிப்பையும் தொடர வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ஆனால் அவர் சென்ற பள்ளியில், ஆறாம் வகுப்புக்கு வயது கூடிவிட்டது என்றார்கள். எட்டாம் வகுப்பில் சேர்க்க ஆறு, ஏழாம் வகுப்புச் சான்று இல்லை என்றார்கள். மூன்று வருடம் எங்கே போனான் என்று கேட்டபோது அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மற்றவர் கல்வராயன் மலையைச் சேர்ந்த மலையாளி பழங்குடி மனிதர். புளியும் கடுக்காயும் கொண்டுவந்து கச்சிராயபாளையத்தில் விற்பவர். அங்கே கடை வைத்திருக்கும் நம் மஹல்லாக்காரர் ஒருவர்தான் அவரை நம்மிடம் அழைத்து வந்தார். அவருடைய மகள் மலையில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். ஆறாம் வகுப்புக்கு விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். விடுதிக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இன்னும் வரவில்லை.

இந்த இரு பிள்ளைகளும் எந்தத் தவறும் செய்யவில்லை. பள்ளிக்காரர்களும் கெட்டவர்கள் அல்லர். தங்கள் கையில் இருந்த விதியைச் சொன்னார்கள். அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? இதைச் சிந்திக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை நினைவுக்கு வரும். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, பின்னாளில் இந்த மாநிலத்தின் பள்ளிக் கதவுகளைத் திறந்தவர் அவர். அவருடைய பிறந்த நாளான ஜூலை 15-ஐக் கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகள் கொண்டாடுகின்றன. கொண்டாட்டத்தோடு நிறுத்திவிடாமல், அந்த வாழ்க்கையைச் சேர்க்கை விதி என்ற கோணத்தில் ஒருமுறை படித்துப் பார்ப்போம்.

விருதுநகர்ச் சிறுவன்

காமராஜர் 1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில் பிறந்தார். தந்தை குமாரசாமி, தாய் சிவகாமி அம்மாள். தேங்காய் வியாபாரம் செய்த குடும்பம். சிறுவனுக்கு ஆறு வயது இருக்கும்போது தந்தை இறந்துவிட்டார். தாய் தன் நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைத்து, அதில் வந்த வருமானத்தில் மகனையும் மகளையும் வளர்த்தார்.

அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை நாடார் சமூகத்தார் தாங்களே நடத்திய பள்ளி. வியாபாரிகள் தங்கள் வணிகத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கிப் பொது நிதியாகச் சேர்த்தார்கள். வீடுகளில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். கோவிலுக்குள் நுழையவும் உரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்தில் அந்தச் சமூகம் எடுத்த முடிவு இது. தங்கள் பிள்ளைகளுக்கு அடுத்தவர் கதவைத் திறக்கட்டும் என்று காத்திராமல், தாங்களே ஒரு பள்ளியைக் கட்டினார்கள். பிற சமூகத்துப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கொடுத்தார்கள்.

அப்படியொரு பள்ளி பக்கத்திலேயே இருந்தும் காமராஜரால் படிப்பைத் தொடர முடியவில்லை. வீட்டு வறுமை அவரைத் தாய்மாமனின் துணிக்கடைக்கு அனுப்பியது. பள்ளி பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது, பிள்ளை அங்கே தங்குவதற்கு வீட்டு நிலையும் இடம் கொடுக்க வேண்டும் என்பதை அவர் தன் வாழ்க்கையிலேயே கண்டார். பின்னாளில் முதலமைச்சராக அவர் செய்த ஒவ்வொரு காரியத்திலும் இந்த அனுபவத்தின் சாயலைக் காணலாம்.

கடையில் இருந்தபடியே செய்தித்தாள் படித்து, பொதுக்கூட்டங்களுக்குச் சென்று, காங்கிரசில் சேர்ந்தார். அரசியலிலிருந்து விலக்கி வைக்க உறவினர்கள் அவரைத் திருவனந்தபுரத்துக்கு மரக்கடை வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே போயும் அவர் வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டார். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். சுதந்திரத்துக்கு முன் பல தடவைகளாக ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. பள்ளியில் விட்ட படிப்பைச் சிறையில் புத்தகங்கள் வாசித்து ஈடுசெய்தார். 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார்.

பதினான்கில் ஒன்று

சேர்க்கை விதிகளோடு அவருக்கு ஏற்பட்ட முதல் பெரிய தொடர்பு, அவர் முதலமைச்சர் ஆவதற்கு முன்பே நிகழ்ந்தது. நம் சமுதாயம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

அன்றைய சென்னை மாகாணத்தில் மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் வகுப்புவாரி அரசாணைப்படி இடங்கள் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்ததும், இது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் 1950-இல் அரசாணையைச் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றமும் 1951 ஏப்ரல் 9 அன்று அதை உறுதி செய்தது.

தமிழகம் கொதித்தது. பெரியார் போராட்டம் நடத்தினார். மாநிலக் காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர், இங்குள்ள மக்களின் உணர்வைப் பிரதமர் நேருவிடம் எடுத்துச் சொல்லி வலியுறுத்தினார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பாருக்காகவும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்காகவும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு அப்படித்தான் பிறந்தது.

இன்று தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் கிடைக்கும் 3.5 விழுக்காடும், பழங்குடியினருக்குக் கிடைக்கும் 1 விழுக்காடும் இந்தப் பிரிவின் நிழலில்தான் நிற்கின்றன. தையற்காரரின் மகனையும் மலைவாசியின் மகளையும் ஒரே சட்டப் பிரிவு தாங்குகிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

தந்தையின் தொழில் ஒரு தகுதியா?

1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒரு நாளில் மூன்று மணி நேரம் மட்டுமே. மீதி நேரத்தில் பிள்ளை தன் தந்தையின் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கிற பள்ளிக் கட்டடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அதன் பின்னால் இருந்த கணக்கு. ஆனால் சலவைத் தொழிலாளியின் மகன் சலவைத் தொழிலாளியாகவும், நெசவாளியின் மகன் நெசவாளியாகவும் இருக்கும்படி அரசே ஏற்பாடு செய்வதாக மக்கள் அதைப் பார்த்தார்கள். குலக்கல்வித் திட்டம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். எதிர்ப்பு பெருகியது. ராஜாஜி பதவி விலகினார்.

1954 ஏப்ரல் 13 அன்று காமராஜர் முதலமைச்சரானார். தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே கல்வி அமைச்சராக வைத்துக்கொண்டார். நம் கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் செல்வாக்குமிக்க தலைவரான எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியும் அமைச்சரவையில் இடம் பெற்றார். சட்டமன்ற உறுப்பினர் ஆவதற்காகக் காமராஜர் குடியாத்தம் தொகுதியில் இடைத்தேர்தலில் நின்று வென்றார்.

பதவியேற்ற அடுத்த மாதமே அந்த அரைநாள் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. தந்தை என்ன வேலை செய்கிறார் என்பது பிள்ளையின் படிப்பை அளக்கும் அளவுகோல் அல்ல என்பதே அந்த முடிவின் பொருள்.

மைல் கணக்கும் மதிய உணவும்

அடுத்து அவர் பார்த்தது தூரத்தை. ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்று இலக்கு வைத்துக்கொண்டு அரசு வேலை செய்தது. பள்ளியைத் தேடிப் பிள்ளை போவதற்குப் பதிலாக, பிள்ளையைத் தேடிப் பள்ளி வர வேண்டும் என்ற எண்ணம் இது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இந்தப் பணியில் அவருக்கு வலக்கரமாக இருந்தார்.

பிறகு பசியைப் பார்த்தார். ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்கு வயிறுதான் காரணம் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஊர் மக்கள் கொடுத்த அரிசியும் பருப்பும் காய்கறியும் ஒரு பங்கு, அரசின் நிதி ஒரு பங்கு என்று அது வளர்ந்தது. விருதுநகரில் தன் பள்ளிக்கு வந்த பிடி அரிசியை மாநிலம் முழுவதற்கும் அவர் கொண்டுவந்தார் என்று சொன்னால் தவறில்லை.

1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இந்த வழியில்தான் நடந்தன. ஒரு ஊரின் பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் போட்டு, ஊராரே மேசை, நாற்காலி, கரும்பலகை, கட்டடம் என்று வாங்கிக் கொடுத்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் இப்படிச் சேர்ந்தது. சட்டையைப் பார்த்தே இவன் ஏழை என்று கண்டுபிடிக்கும் நிலை வகுப்பறையில் இருக்கக் கூடாது என்பது அதன் நோக்கம்.

கடைசியாகக் கட்டணத்தைப் பார்த்தார். அந்தக் காலத்தில் உயர்நிலைப் பள்ளியில் மாதச் சம்பளம் கட்ட வேண்டும். பல குடும்பங்களில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றதற்கு அதுவே காரணம். முதலில், பெற்றோரின் ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்குள் இருந்தால் பிள்ளைக்குப் பள்ளி இறுதி வகுப்பு வரை இலவசம் என்று அரசு அறிவித்தது. நல்ல திட்டம்தான். ஆனால் வருமானச் சான்றுக்காக ஏழை மனிதர் கிராம அதிகாரியின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. உண்மையான ஏழைக்கு அந்தத் தாள் கிடைக்காமல் போவதும், வசதியுள்ளவருக்கு எளிதாகக் கிடைப்பதும் எந்தக் காலத்திலும் நடப்பதுதான். பிறகு வருமான வரம்பே விலக்கப்பட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் உயர்நிலைக் கல்வி இலவசமானது.

இங்கே நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் நீதி நிறைவேறிவிட்டதாக நாம் நினைக்கிறோம். ஐந்து மைல் நடக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் ஒரே விதிதான். ஆனால் சைக்கிள் வைத்திருப்பவனும் வெறுங்காலுடன் நடப்பவனும் அதில் சமமில்லை. சான்றிதழ் கொண்டுவா என்பதும் எல்லாருக்கும் ஒரே விதிதான். அதை வாங்க இரண்டு நாள் கூலியை இழப்பவரும், ஒரு தொலைபேசி அழைப்பில் வாங்குபவரும் அதில் சமமில்லை. விதியின் சுமை யார் தோளில் விழுகிறது என்று காமராஜர் பார்த்தார். பிள்ளையின் தோளில் விழுந்தால், அதை எடுத்து அரசின் தோளில் வைத்தார்.

மலையடிவாரத்தில் நின்ற சாலை

ஒருவரின் சிறப்பை எழுதும்போது, அவர் காலத்தில் எட்டாத இடங்களையும் சொல்வதுதான் நேர்மை. காமராஜரின் மைல் கணக்கு சமவெளியில் பெரும் மாற்றத்தைச் செய்தது. கல்வராயன் மலையில் நிலைமை வேறு.

அந்த மலை பல நூற்றாண்டுகளாக மூன்று ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. மக்கள் அவர்களுக்கே வரி கட்டினார்கள், கூலியில்லாமல் வேலை செய்தார்கள். நாடு 1947-இல் விடுதலை பெற்ற பிறகும் அந்த முறை நீடித்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல்தான் அது முடிவுக்கு வந்தது. காமராஜர் மறைந்தது 1975 அக்டோபர் 2. ஆகவே, அவர் கண்மூடிய மறு ஆண்டில்தான் அந்த மலை மக்களுக்கு விடுதலை என்ற சொல்லுக்குப் பொருள் கிடைத்தது. 1954 முதல் 1963 வரை சமவெளிப் பிள்ளைகள் பெற்ற முன்னேற்றத்தில் மலைப் பிள்ளைகள் ஒரு தலைமுறை பின்னால் நின்றார்கள்.

அதன் பாதிப்பு இன்றும் தெரிகிறது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலை தனி வட்டமாகவும் இருக்கிறது. மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வெள்ளிமலையில் ஏகலவ்யா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. இருந்தும் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மலை மக்களின் சாலை, கல்வி, மருத்துவ வசதிகளின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஏகலவ்யா பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. ஐந்து மைல் என்பது சமவெளியில் ஒரு மணி நேரச் சைக்கிள் பயணம்கூட இல்லை. மழைக்காலத்தில் ஓடை தாண்டி ஏறும் மலைப்பாதையில் அதே ஐந்து மைல் ஒரு பகல் பொழுதையே விழுங்கிவிடும்.

சாதிச் சான்றிதழ் கதையும் இப்படித்தான். மலையாளி என்ற பழங்குடி, பட்டியலில் எல்லா மாவட்டங்களுக்கும் சேர்க்கப்படவில்லை. தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்ற பழைய மாவட்டங்களின் பெயரோடுதான் அது இருக்கிறது. கல்வராயன் மலை தென்னார்க்காட்டில் இருந்ததால் இங்குள்ளவர்கள் பழங்குடியினர். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மலையாளி மக்களுக்கு அந்த உரிமை இல்லை. மாவட்ட எல்லை ஒரு கோடு. அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் பிறந்தாய் என்பதே பிள்ளையின் தகுதியாகிவிடுகிறது.

அதற்காகச் சான்றிதழே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. சரிபார்ப்பு இல்லாவிட்டால் பொய்ச் சான்றோடு வருபவர் மலைப் பிள்ளையின் இடத்தைப் பிடித்துக்கொள்வார். சான்று வேண்டும், ஆனால் அது தாமதமாவதற்கான தண்டனையைப் பதினொரு வயதுச் சிறுமி அனுபவிக்கக் கூடாது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

காமராஜர் காலத்தில் அரசின் கருணையாக இருந்தவற்றில் பல இன்று சட்ட உரிமையாகிவிட்டன. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை உரிமை தருகிறது. நம் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சில பிரிவுகளை மட்டும் சொல்கிறோம்.

பள்ளியில் சேராத, அல்லது இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மற்றவர்களோடு சமமாக வரும்வரை சிறப்புப் பயிற்சி தர வேண்டும். 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை இலவசக் கல்வி உண்டு. இது 4-ஆம் பிரிவு. ஹிஃப்ழ் முடித்துவரும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல்.

மாற்றுச் சான்றிதழ் தாமதமானால், அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. இது 5-ஆம் பிரிவு. நன்கொடை வாங்கவும், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கவும் 13-ஆம் பிரிவு தடை செய்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்பது 14-ஆம் பிரிவு. காலம் கடந்து வந்தாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது 15-ஆம் பிரிவு.

ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்பது இன்னொரு வகையிலும் முக்கியம். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நல்ல பெயர் என்று கேள்விப்பட்டு, கடன் வாங்கி ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர் பலருக்கு, அன்றே இந்த வாசல் மூடிவிடுகிறது என்பது தெரிவதில்லை.

நம் கையில் இருக்கும் பள்ளிகள்

இதுவரை அரசைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றியும் பேச வேண்டும். சொல்வதற்குச் சற்றுச் சங்கடமான விஷயம்தான்.

தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை மீண்டும் பரிசீலிக்க வேண்டுமா என்ற கேள்வியை 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு மேல் அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது. சட்டம் எப்படி முடிந்தாலும், நாம் நம் மனச்சாட்சியிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சிறுபான்மை உரிமை என்பது நம் ஏழைப் பிள்ளைகளைப் பாதுகாக்கக் கிடைத்த உரிமை. அதே உரிமையைக் காட்டி, ஏழைப் பிள்ளைக்கு இடம் தரும் கடமையிலிருந்து ஒரு பள்ளி நழுவினால் அது எப்படி நியாயமாகும்?

விருதுநகர் வியாபாரிகள் மகமையும் பிடி அரிசியும் கொண்டு நடத்திய பள்ளியில் தந்தையை இழந்த ஒரு சிறுவனுக்கு இடம் இருந்தது. அந்தச் சிறுவன் பின்னாளில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தான். அன்று அந்தப் பள்ளி வாசலில் பணம் இருக்கிறதா என்று கேட்டிருந்தால், தமிழ்நாட்டின் கல்வி வரலாறு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஊர்களிலும் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் பள்ளிகள் நடத்துகின்றன. நம்மிடம் ஜகாத்தும் வக்ஃபும் இருக்கின்றன. நம் சேர்க்கைப் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். அதில் யார் வடிகட்டப்படுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போம்.

தோல்வியும் முடிவும்

ஒன்பது ஆண்டுகள் ஆட்சி செய்தபின், மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்கு வர வேண்டும் என்ற தன் திட்டத்துக்குத் தானே முன்மாதிரியாக 1963 அக்டோபர் 2 அன்று காமராஜர் பதவி விலகினார். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். லால் பகதூர் சாஸ்திரியும் இந்திரா காந்தியும் பிரதமர் ஆனதில் அவர் பங்கு பெரிது.

1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே அவர் தோற்றார். அவரை வென்ற பெ. சீனிவாசன் மாணவர் போராட்டத்திலிருந்து வந்த இளைஞர். காமராஜர் திறந்துவிட்ட பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்த தலைமுறைதான் அவரைத் தோற்கடித்தது என்று அன்று பலரும் வருந்தினார்கள். நாம் அதை வேறு விதமாகப் பார்க்கிறோம். ஓட்டுக்காகப் பள்ளி திறந்தவராக இருந்தால் அது பெரும் நஷ்டம். பிள்ளைகள் தாங்களே சிந்திக்க வேண்டும் என்று பள்ளி திறந்தவருக்கு அது நஷ்டமே அல்ல. கொடுத்த கல்வி வேலை செய்ததன் அடையாளம்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. சென்னை தியாகராய நகரில் வாடகை வீட்டில் வாழ்ந்து, 1975 அக்டோபர் 2 அன்று அந்த வீட்டிலேயே காலமானார். சொத்து என்று சொல்ல எதுவும் விட்டுச் செல்லவில்லை. அடுத்த ஆண்டு பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டியது

தொடக்கத்தில் சொன்ன இரு பிள்ளைகளின் கதையை முடித்துவிடுகிறோம். தையற்காரரின் மகனுக்காக, 4-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்க மனு எழுதிக் கொடுத்தோம். வேறொரு அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். கணக்கிலும் ஆங்கிலத்திலும் பையன் முதல் சில மாதங்கள் மிகவும் சிரமப்பட்டான். பட்டதாரி இளைஞர்கள் இருவர் மஃக்ரிபுக்குப் பின் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மனனம் செய்து பழகிய பிள்ளை, தேறிவிட்டான்.

மலைச் சிறுமிக்குச் சான்றிதழ் ஜூலைக் கடைசியில் வந்தது. ஆகஸ்டில் விடுதியோடு கூடிய பள்ளியில் சேர்ந்தாள். இரண்டு மாதப் பாடம் போனது போனதுதான். அவளோடு ஐந்தாம் வகுப்பு முடித்த இன்னொரு சிறுமி காத்திருக்கப் பொறுமையில்லாமல் பெற்றோருடன் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று அந்தத் தந்தை சொன்னார். அவளுக்காக நாம் எந்த மனுவும் எழுதவில்லை. அவளைப் பற்றி நமக்குத் தெரியவே இல்லை. இது நம் மனத்தில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். ஜனவரி மாதத்திலேயே, ஐந்தாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். ஹிஃப்ழ் முடிக்கப்போகும் பிள்ளைகளையும் அதில் சேருங்கள். யாருக்கு எந்தச் சான்று இல்லை என்று பார்த்து, பிப்ரவரிக்குள் விண்ணப்பிக்க வையுங்கள். கூலி வேலைக்குப் போகும் தந்தைக்குப் பதிலாக, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவரோடு போக ஓர் இளைஞரை நியமியுங்கள். மதரஸா நடத்தும் ஆலிம் பெருமக்கள், பிள்ளை சேரும் அன்றே அவனுடைய பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பத்திரப்படுத்தட்டும். முடிந்தால் பள்ளிப் பாடத்தையும் உடன் நடத்தட்டும். மலையடிவாரத்தில் கடை வைத்திருக்கும் நம் வியாபாரிகள், தங்களிடம் சரக்குக் கொண்டுவரும் மலை மக்களிடம் பிள்ளைகள் எந்த வகுப்பு படிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இவற்றுக்கு அரசாணை தேவையில்லை, பெரிய நிதியும் தேவையில்லை. அடுத்த ஜூன் மாதம் பள்ளிவாசல் வாசலில் பிளாஸ்டிக் உறையோடு நிற்கும் பெற்றோரின் எண்ணிக்கை குறைந்தால், இந்த ஆண்டு நம் வேலையைச் சரியாகச் செய்தோம் என்று பொருள். வல்ல இறைவன் அதற்கு நமக்குத் துணை செய்வானாக.